அந்த மஞ்சள் அல்லி ஏரியிலேயே இருக்கட்டும்

கேள்வி: ரீச்சர், போன யூலையில் குடும்பமாகக் கவார்த்தா ஏரிப் பக்கம் ஒரு காட்டேஜ் எடுத்து நின்றோம். கரையோரம் முழுக்க மஞ்சள் அல்லி. சின்னப் பந்துபோலக் கட்டியான பூ. நாங்கள் வாங்கிய புது வீட்டின் பின்வளவில் பழைய சொந்தக்காரர் வெட்டிய குளம் ஒன்று இருக்கிறது; பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம். இந்தக் கோடைக்கும் அங்கே போகிறோம். வரும்போது ஒரு கிழங்கைக் கிளப்பிக்கொண்டு வந்து வைக்கலாமா? தாமரைக்கிழங்குபோல இதையும் கறி வைக்கலாம் என்று மாமி சொல்கிறா. உண்மையா? (மார்க்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்:

தங்கச்சி, முதலில் இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கிழங்கைக் கிளப்ப வேண்டாம். கறியும் வைக்க வேண்டாம். உங்கள் குளத்தில் மஞ்சள் பூப் பார்க்கும் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். அதற்கு முன், நீங்கள் கண்ட செடியை உங்களுக்குக் கொஞ்சம் அறிமுகப்படுத்த விடுங்கள். இவ்வளவு அருமையான செடியைப் பற்றி "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

கவார்த்தாவில் பந்துபோல நிற்கும் கட்டியான மஞ்சள் பூ என்றால் அது அநேகமாக நூஃபார் வேரியகாற்றா. ஒன்ராறியோவின் ஏரி, சதுப்பு, மெதுவாக ஓடும் ஆறு எல்லாவற்றிலும் தானாக வளரும் உள்ளூர்ச் செடி. ஐரோப்பாவில் இருப்பது இதன் நெருங்கிய சொந்தம், நூஃபார் லூற்றியா. இந்த மாகாணத்தின் தெற்கே அட்வீனா என்று இன்னொன்று உண்டு. அதன் இலை நீரில் படுக்காமல் மேலே எழும்பி நிற்கும். பழைய புத்தகங்களில் இவை எல்லாமே லூற்றியாவின் உள்ளினங்கள் என்றிருக்கும். 1956இல் ஒருவர் அப்படிச் சேர்த்து எழுதினார். 2007இல் வந்த பெரிய ஆய்வுநூல் திரும்பப் பிரித்து, உலகம் முழுவதற்கும் பதினொரு இனம் என்று வைத்தது. ஆகவே கடையில் ஒரு பெயரும் புத்தகத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் பயப்பட வேண்டாம். பெயரை விட்டுவிட்டுக் காம்பைப் பாருங்கள். தண்ணீருக்குள் கையை விட்டு இலைக்காம்பை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து மெல்லத் தடவுங்கள். மேற்பக்கம் தட்டையாகவும் இரண்டு ஓரத்திலும் மெல்லிய செட்டைபோலவும் தட்டுப்பட்டால் வேரியகாற்றா. உருண்டையாக இருந்தால் அட்வீனா. கண்ணைவிட விரல் இதைச் சரியாகச் சொல்லும்.

அதே ஏரியில் வெள்ளை அல்லியும் இருந்திருக்கும், வாசனையோடு. அதையும் இதையும் பூ இல்லாத நேரத்தில் பிரித்தறிய நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று உண்டு. இலையின் நரம்பை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை அல்லியில் நரம்புகள் காம்பு சேரும் இடத்திலிருந்து பனையோலைபோல நாலாபக்கமும் விரியும். மஞ்சளில் நடுவே ஒரு தடித்த நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் மற்றவை, வாழையிலை மாதிரி. வெள்ளை அல்லியின் இலை கிட்டத்தட்ட வட்டம். மஞ்சளின் இலை நீண்ட இதய வடிவம். காம்பைக் குறுக்கே வெட்டினால் வெள்ளை அல்லியில் இரண்டு, நான்கு என்று பெரிய காற்றுக்குழாய்கள் தெரியும். மஞ்சளில் கடற்பஞ்சுபோல எண்ண முடியாத சின்னக் கண்கள்.

இனிப் பூவுக்கு வருகிறேன். உயர்தரத்தில் தாவரவியல் படித்த எவருக்கும் நினைவிருக்கும்: பூவின் வெளிவட்டம் புல்லி, உள்வட்டம் அல்லி. பச்சையாய் நின்று மொட்டைக் காப்பது புல்லி, நிறம் காட்டிப் பூச்சியைக் கூப்பிடுவது அல்லி என்று மனப்பாடம் செய்திருப்போம். மஞ்சள் அல்லியில் இந்தப் பாடம் தலைகீழ். நீங்கள் மஞ்சளாகக் கண்டது அல்லியே இல்லை. அவ்வளவும் புல்லி. வேரியகாற்றாவில் பொதுவாக ஆறு. வெளியே உள்ள மூன்றில் பச்சை கலந்திருக்கும், உள்ளே உள்ள மூன்றும் நல்ல மஞ்சள், அவற்றின் அடியில் உட்பக்கமாக ஒரு சிவப்புக் கறை. தடித்து, கிண்ணம்போல வளைந்து, மெழுகு பூசியதுபோல மினுங்கும். உண்மையான அல்லிகள் எங்கே என்றால், கேசரக் கூட்டத்துக்கு வெளியே, அதன் அடியில், சின்னச் சின்னச் செதில்களாக ஒளிந்திருக்கின்றன. முதல் பார்வைக்கு அவையும் கேசரம் என்றே தோன்றும். அந்தச் செதில்களின் முதுகில்தான் தேன் சுரக்கிறது. ஆக, அல்லிப்பூவின் அல்லியைக் காண விரலால் விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு தட்டு இருக்கும், சில்லின் ஆரைக்கால்கள்போலக் கோடு போட்ட தட்டு. அதுதான் குறி, மகரந்தம் வந்து சேர வேண்டிய இடம். பூ விரியும் முதல் நாள் முழுதாகத் திறக்காது. மேலே முக்கோணமாக ஒரு சின்ன வாசல் மட்டும் விடும். உள்ளே நுழையும் வண்டோ ஈயோ அந்தத் தட்டில் இறங்கி நடந்தே ஆக வேண்டும். வேறு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் அதில் ஒட்டிவிடும். அப்போது அந்தப் பூவின் சொந்த மகரந்தக்கூடுகள் இன்னும் மூடித்தான் இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் பூ அகல விரியும், கேசரங்கள் வரிசை வரிசையாக வெளிப்பக்கம் வளைந்து வெடிக்கும். முதலில் பெண், பிறகு ஆண். தன் மகரந்தம் தன்னிலேயே விழாமல் இருக்க இந்த ஏற்பாடு.

பூக்கும் செடிகளின் வம்சாவளியில் இந்தக் குடும்பம் மிக முந்தியே கிளைபிரிந்த ஒன்று. ஒருவித்திலையா இருவித்திலையா என்ற நமது பாகுபாடு வருவதற்கு முன்னரே பிரிந்தது; அல்லிக் குடும்பத்துக்குள்ளும் முதலில் தனியே போனது இந்த நூஃபார்தான். புல்லி அல்லியாக வேடம் போடுவதையும் அல்லி கேசரம்போல இருப்பதையும் பார்க்கும்போது, பூ என்ற ஒன்று இன்னும் முடிவாகாத ஒரு காலத்தைப் பார்க்கிறோமோ என்று எனக்குத் தோன்றும்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கும் பங்கு உண்டு. வடமொழியில் நீலோற்பலம் என்பது நீல ஆம்பல். தமிழிலும் அந்தச் சொல் வழங்குகிறது. அது பாரசீகம் போய் நீலூஃபர் ஆனது, அரபு வழியாக ஐரோப்பிய மருத்துவ ஏடுகளுக்குள் புகுந்து நூஃபார் ஆனது. லின்னேயஸ் 1753இல் மஞ்சளையும் வெள்ளையையும் நிம்ஃபேயா என்ற ஒரே பேரினத்துக்குள் வைத்திருந்தார். 1809இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் மஞ்சளைத் தனியாகப் பிரித்தபோது இந்தச் சொல்லை எடுத்து அதற்கு வைத்தார். அப்படித்தான் மஞ்சள் பூவுக்கு நீலத்தின் பெயர் வாய்த்தது. நீலோற்பலம் என்றால் நமக்கு ஊர்க் குளம் நினைவுக்கு வரும். இலங்கையின் தேசிய மலரும் அந்த நீல ஆம்பல்தான். நூஃபார் நம் ஊர்க் குளங்களில் இல்லை. அதன் பெயர் மட்டும் நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது.

இனி நீங்கள் கிளப்ப நினைத்த கிழங்கைப் பற்றி. இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது.

பதினான்கு வருடங்களுக்கு முன், ஸ்காபரோ வீட்டுக் குளத்துக்கென்று ஒரு நாற்றுக்கடையில் "மஞ்சள் அல்லி" என்று மட்டும் எழுதியிருந்த சட்டி ஒன்றை வாங்கினேன். என் குளம் உங்களுடையதைவிடச் சற்றுப் பெரியது. முதல் கோடையில் நாலைந்து இலை, அதுவும் தண்ணீருக்குள்ளேயே, சலாது இலைபோல மெல்லியதாக, அலை அலையாகச் சுருங்கி, ஒளி ஊடுருவும்படி. செடி நோயில் கிடக்கிறது என்று நினைத்தேன். அது தப்பு. மஞ்சள் அல்லிக்கு இரண்டு விதமான இலை உண்டு. இந்த நீர்மூழ்கி இலை பிறவியிலேயே அப்படித்தான். மிதக்கும் தோல் இலை பிறகே வரும். இரண்டாம் வருடம் அந்த இலைகளும் வந்தன. மூன்றாம் கோடையில் குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. பூ வந்தது நான்கோ ஐந்தோதான். ஐந்தாம் வருடம் சட்டி பிளந்து கிடந்தது. கிழங்கு அதை உடைத்து வெளியேறிக் குளத்தின் அடித்தாள் நெடுகப் படர்ந்திருந்தது.

அதை வெளியே எடுக்க ஒரு முழுச் சனிக்கிழமை போனது. மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூக்க, நான் கரையில் நின்று இழுத்தேன். கிழங்கு என் முன்கையைவிடத் தடிப்பு. அதன் தோலில் உதிர்ந்த இலை ஒவ்வொன்றும் விட்டுப்போன தழும்பு, சுற்றிச் சுற்றி ஏறும் வரிசையில், பனைமரத்து உடம்பு மாதிரியே. கத்தியால் வெட்டினேன். உள்ளே வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறம், அமுக்கினால் நீர் கசியும் பஞ்சு. சேற்று மணத்தோடு ஒரு கசப்பு வாசம் மூக்கில் ஏறியது. நுனியில் மட்டும், முட்டைக்கோசின் குருத்துப்போல இளம் இலைகள் சுருண்டு கிடந்தன. அங்கே நின்றபோதுதான் விளங்கியது: நான் இத்தனை நாளும் செடி என்று பார்த்தது அதன் கூரையை மட்டும். செடி கீழே படுத்திருந்தது. ஏரிகளில் இந்தக் கிழங்கு மீற்றர் கணக்கில் நீளும், பல வருடம் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றைப் பத்தடிக் குளத்துக்குள் வைப்பது செடிக்கும் சரியில்லை, குளத்துக்கும் சரியில்லை.

ஒரு மொட்டுள்ள துண்டு சேற்றுக்குள் தவறி இருந்தாலும் அடுத்த வசந்தத்தில் தலை காட்டும். எனக்கு இரண்டு வருடம் காட்டியது.

ஒக்சிசன் இல்லாத அந்தச் சேற்றுக்குள் இவ்வளவு பெரிய கிழங்கு எப்படி மூச்சு விடுகிறது? இந்தச் செடியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் மிக அழகான விஷயம் அதற்கான விடைதான். ஜோன் டேசி என்ற ஆய்வாளர் மிச்சிகன் மாநிலத்துச் சிறு ஏரி ஒன்றில் இந்த மஞ்சள் அல்லியை வைத்து ஆராய்ந்து 1980இல் எழுதினார். புதிதாக மேலே வந்த இளம் இலை வெயிலில் சூடாகிறது. இலைக்குள் சூடும் ஈரப்பதமும் கூட, வெளிக்காற்று அதன் நுண்ணிய துளைகள் வழியே உள்ளே வருகிறது. வந்த காற்று அதே வழியில் இலகுவாக வெளியேற முடியாததால் உள்ளே அழுத்தம் சற்று ஏறுகிறது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பு வழியே கீழே தள்ளுகிறது. காற்று கிழங்கைச் சுற்றிவிட்டு, துளை பெருத்துப்போன முதிர்ந்த இலைகளின் காம்பு வழியே மேலேறி வெளியே போகிறது. இளையது உள்ளிழுக்க, மூத்தது வெளிவிடுகிறது. ஒரே இலை வழியாக ஒரு நாளில் 22 லீற்றர் வரை காற்று இறங்குவதாக அவர் அளந்தார். சேற்றில் உருவாகும் மீதேன் வாயுவும் அந்த மேலேறும் காற்றோடு சேர்ந்து வெளியே வருகிறது.

சின்ன வயதில் ஊர்க் குளத்து ஆம்பல் தண்டை உடைத்து ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் ஊதிக் குமிழி விட்டிருக்கிறீர்களா? அதே குழாய்கள்தான். நாம் விளையாட்டுக்கு ஊதினோம், செடி வெயிலை வைத்து ஊதுகிறது.

இதில் தோட்டக்காரருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. குளத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று ஒரே நாளில் பழைய இலைகள் எல்லாவற்றையும் அடியோடு வெட்டிவிடக் கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் காம்புக்குள் தண்ணீர் ஏறிவிடும், மூச்சுப்பாதை அடைபடும். மஞ்சளாகி அழுகத் தொடங்கியதை மட்டும் ஒன்றிரண்டாக எடுங்கள். மாறாக, அளவுக்கு மீறிப் படர்ந்துவிட்ட செடியைத் தளரவைக்க வேண்டுமென்றால் இதுவே வழி: கோடையில் பல தடவை, புது இலை மேலே வர வர, தண்ணீருக்குக் கீழே வெட்டிக்கொண்டே இருப்பது. மருந்து தெளிக்கத் தேவையில்லை. பொறுமை வேண்டும், இரண்டு மூன்று கோடை பிடிக்கும்.

இனி மாமியின் கேள்வி. தாமரை வேறு குடும்பம், இது வேறு குடும்பம். குளத்தில் ஒன்றாக வளர்வதால் சொந்தம் ஆகிவிடாது. மஞ்சள் அல்லிக் கிழங்கில் அல்கலொயிட்டுகள் நிறைய உண்டு. நூஃபரிடீன் என்று ஒன்றுக்கு இந்தச் செடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கசப்பு நாக்கை விட்டுப் போகாது. அமெரிக்காவின் ஒறிகன் பக்கத்துக் கிளாமத் பழங்குடியினர் அங்குள்ள வேறொரு நூஃபாரின் வித்துகளை "வோக்கஸ்" என்ற பெயரில் பிரதான உணவாகவே வைத்திருந்தார்கள். சதுப்பில் வள்ளம் விட்டுக் காய் சேர்த்து, புளிக்கவிட்டு, கழுவி, வறுத்து, அரைத்துத் தலைமுறைகளாகப் பழகிய அறிவு அது. வித்துக்குத்தான் அது பொருந்தும், கிழங்குக்கு அல்ல. அந்தப் பழக்கம் இல்லாத நாம் பரிசோதித்துப் பார்க்கவும் கூடாது. மாமிக்குத் தாமரைக்கிழங்கு ஆசை என்றால் மார்க்கத்தில் சீனக் கடைகளுக்குக் குறைவில்லை.

ஏரியிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்கா எதிலும் செடி பிடுங்குவது சட்டவிரோதம். பூங்காவுக்கு வெளியே, உங்கள் சொந்தக் காட்டேஜின் முன்னால் என்றாலும் இயற்கைவள அமைச்சின் விதிகளைக் கேட்காமல் நீர்ச்செடியில் கை வைக்க வேண்டாம். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கிழங்கோடு வரும் சேறு. அதில் வரிக்கோட்டு மட்டியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு இருக்கலாம், அந்நிய நீர்ச்செடியின் நகமளவு துண்டு இருக்கலாம். அதேபோல, வீட்டுக் குளத்தில் மிஞ்சியதை ஏரியிலோ ஓடையிலோ கொட்டவே கூடாது. ஐரோப்பியத் தவளைக்கடி என்ற சின்ன மிதக்கும் செடி 1932இல் ஒட்டாவாவில் ஒரு தாவரப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1939இல் அது றிடோ கால்வாயில் மிதந்தது. இன்று கவார்த்தா வரைக்கும் அதன் பாய் விரிந்து கிடக்கிறது.

மஞ்சள் அல்லி ஏரிக்குத் தேவையானது, தங்கச்சி. யூன் மாதத்தில் மூஸ் மான்கள் அல்கொன்குவின் பூங்காவின் ஏரிகளில் கழுத்தளவு இறங்கி நீர்ச்செடி மேய்வதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நிலத்துச் செடிகளில் கிடைக்காத சோடியம் நீர்ச்செடிகளில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சுள்ளி தின்ற உடம்புக்கு அந்த உப்பு வேண்டும். பீவர் கிழங்கைத் தின்னும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் நத்தையின் முட்டை, கூழ்போல. டொனாசியா என்றொரு வண்டு, பளபளவென்று உலோக நிறம், பூவுக்கு வருவது அதுதான். அதன் புழு நீருக்கடியில் செடியின் வேரோடு ஒட்டி வாழ்கிறது. வால் முனையில் உள்ள இரண்டு முட்களைச் செடிக்குள் குத்தி, அந்தக் காற்றுக்குழாய்க் காற்றை எடுத்து மூச்சு விடுகிறது. செடி தனக்கென்று இறக்கிய காற்றில் அதற்கும் ஒரு பங்கு.

உங்கள் குளத்துக்கு நான் சொல்வது குரோமடெல்லா என்ற கலப்பு மஞ்சள் அல்லி. இதன் கதையும் சுவையானது. ஐரோப்பாவின் குளிர் தாங்கும் அல்லி என்றால் ஒரு காலத்தில் வெள்ளை மட்டுமே. பிரான்சின் தெற்கே ஜோசெப் லத்தூர்-மர்லியாக் என்பவர், புளோரிடாவிலும் மெக்சிக்கோவிலும் வளரும் மஞ்சள் நிம்ஃபேயாவைக் குளிர் தாங்கும் இனத்தோடு கலந்து மஞ்சள் அல்லிகளை உருவாக்கினார். 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய வண்ண அல்லிகள் வைக்கப்பட்டன. ஓவியர் மொனே தன் குளத்துக்கு அல்லி வாங்கியது அவரிடம்தான். குரோமடெல்லாவின் பூ வெளிர்மஞ்சள், நிறையப் பூக்கும். இலையில் செம்பழுப்புத் திட்டு இருக்கும். ஒரு மீற்றர், மிஞ்சினால் ஒன்றரை மீற்றர் அகலத்துக்குப் படரும். உங்கள் இரண்டடி ஆழம் அதற்குப் போதும். பால்கனித் தொட்டியில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஹெல்வோலா இருக்கிறது. இதுவும் அவருடைய கலப்புத்தான், பூ ஐந்து சென்ரிமீற்றர் அளவு.

மே நடுப்பகுதிக்குப் பிறகு, தண்ணீர் குளிர் விட்டதும் நடுங்கள். அகலமான, உயரம் குறைந்த கூடை எடுங்கள். பைகளில் விற்கும் சட்டிமண் வேண்டாம். அதில் உள்ள பீற் தூள் மிதந்து குளத்தைக் கலக்கும். களிமண் கலந்த கனமான தோட்டமண்தான் நல்லது. சாணி, கோழியெரு எதுவும் போடாதீர்கள், ஒரு கிழமையில் தண்ணீர் பாசியாகப் பச்சை பிடிக்கும்; நீர்ச்செடிக்கென்று விற்கும் வில்லையை மண்ணுக்குள் ஆழப் புதைத்தால் போதும். கிழங்கைச் சரிவாகப் படுக்க வைத்து, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி விடுங்கள். குருத்தை மூடினால் அழுகும். மேலே ஒரு விரல் தடிப்புக்குக் கூழாங்கல். முதலில் கூடைக்கு அடியில் கல் வைத்து உயர்த்தி, இலை மேலே வர வர அடிக்கு இறக்குங்கள். தினமும் ஆறு மணித்தியால வெயில் வேண்டும். நீரூற்று வைத்திருந்தால் அதன் தெறிப்பு இலையில் விழாத தூரத்தில் வையுங்கள். கோடை நடுவில் நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று மேலே இலை மூடியிருந்தால் அளவு சரி. பனிக்காலத்துக்கு முன் கூடை குளத்தின் மிக ஆழமான இடத்தில் இருக்கட்டும். கிழங்கு பனிக்கட்டியில் அகப்படாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது.

இலையில் வளைந்து வளைந்து கோடு கீறியதுபோலத் தின்ற அடையாளம் கண்டால் அது அல்லி இலைவண்டின் வேலை. கருநிறப் புழுக்கள் இலையின் மேலேயே மேயும். தண்ணீரைப் பீச்சிக் குளத்துக்குள் தள்ளிவிடுங்கள், மீன் பார்த்துக்கொள்ளும்.

வாங்கும்போது ஒன்றில் கவனம். "மஞ்சள் நீரிதயம்" என்று சொல்லத்தக்க நிம்ஃபொயிடிஸ் பெல்ற்றாற்றா என்ற செடியையும் மஞ்சள் அல்லி என்று தருபவர்கள் உண்டு. இலை சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கும். பூவில் ஐந்து மெல்லிய இதழ், ஒவ்வொன்றின் ஓரமும் குஞ்சம் வைத்ததுபோலக் கிழிந்திருக்கும். அந்தக் குஞ்சத்தைக் கண்டால் வைத்துவிட்டு வாருங்கள். ஒன்ராறியோவின் ஆக்கிரமிப்பு இனங்கள் சட்டத்தின் கீழ் அது கட்டுப்படுத்தப்பட்ட செடி. ஒரு துண்டு போதும், ஏரி முழுக்கப் பரவும்.

நூஃபாரேதான் வேண்டும் என்று கேட்பவர்களில் ஒரு சிலருக்கு நான் ஆம் என்றும் சொல்வதுண்டு. மாகாணத்தின் உட்பகுதியில் பண்ணை வாங்கி, அதில் கால் ஏக்கர் குளம் வைத்திருப்பவர்கள். அங்கே ஒரு மீற்றரிலிருந்து இரண்டு மீற்றர் ஆழத்தில், வெள்ளை அல்லி வளர மறுக்கும் அரைநிழலிலும், மெல்ல நகரும் தண்ணீரிலும் இது வளரும். உள்ளூர்ச் செடிகளை விற்கும் நாற்றுப்பண்ணையில் வேரியகாற்றா என்று கேட்டு வாங்குங்கள். வித்து போடுவதென்றால் அதைக் காயவிடக் கூடாது, காய்ந்த வித்து முளைக்காது. முதல் மூன்று வருடம் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

தங்கச்சி, இந்தக் கோடை போகும்போது ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு போங்கள். யூலையென்றால், காலையில் முக்கோண வாசலோடு நிற்கும் முதல்நாள் பூவைத் தேடுங்கள். பிள்ளைகளிடம் அல்லி எது, புல்லி எது என்று கேளுங்கள். ஓகஸ்ற் கடைசி என்றால் பூ குறைவு, ஆனால் காய் இருக்கும். கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த குப்பி மாதிரி. இங்கிலாந்தில் அங்குள்ள செடிக்கு "பிராந்திப் போத்தல்" என்றே பெயர். காயின் உருவமும் பூவின் மணமும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெயர். வெள்ளை அல்லியின் காம்பு சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும், இது வெளியிலேயே முற்றும். முற்றி வெடித்த காய் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். தோடம்பழச் சுளைபோல வழுவழுப்பான துண்டுகளாகக் கழன்று வரும். அவற்றைத் தண்ணீரில் விட்டால் உள்ளே உள்ள காற்றில் மிதந்து போகும். ஓரிரு நாளில் அது கரைய, வித்துகள் அப்படியே அடியில் இறங்கும். திரும்பும்போது வள்ளத்தையும் துடுப்பையும் பிள்ளைகளின் செருப்பையும் அங்கேயே கழுவி, நன்றாகக் காயவிட்டுக் கொண்டு வாருங்கள்.